நேரிசை வெண்பா எழுதுவது எப்படி: ஈற்றடியிலிருந்து மேலே ஏறும் முறை

வெண்பா எழுத உட்காருபவர்களில் பலரும் முதல் அடியை அழகாக எழுதிவிடுவார்கள். இரண்டாம் அடியில் தனிச்சொல்லுக்கு (அந்த அடியின் கடைசியில் தனித்து நிற்கும் சொல்) திணறுவார்கள். நான்காம் அடியில் மாட்டிக்கொண்டு, கையில் கிடைத்த சொல்லைப் போட்டு முடித்துவிடுவார்கள். விதிகள் தெரியாததால் வரும் கோளாறு அல்ல இது. எழுதும் வரிசை தலைகீழாக இருப்பதுதான் காரணம். வெண்பாவில் மிகக் கெடுபிடியான இடம் கடைசிச் சீர் (சீர் என்பது அடியின் ஒரு துண்டு). அதைக் கடைசியில் எழுதினால் தப்ப வழியிருக்காது.

கீழே ஒரு வெண்பாவை முதல் சொல்லிலிருந்து முழுதாகக் கட்டிக் காட்டியிருக்கிறது. கூடவே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால்தான் கை பழகும்.

1. முதலில் நோட்டில் 15 கட்டம்

நேரிசை வெண்பாவுக்கு நான்கு அடி. முதல் மூன்று அடிக்கும் நான்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மூன்று சீர். ஆக 15 சீர். நோட்டில் அத்தனை கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வரி உயரம் இருக்கட்டும்: மேல் வரியில் சீர், கீழ் வரியில் அசை (சீரைப் பிரித்தால் வரும் ஓசைத் துண்டு).

பேனா வேண்டாம், பென்சில் போதும். எல்லாக் கட்டத்தையும் குறைந்தது இரண்டு முறை அழிப்பீர்கள்.

2. அசை பிரிக்கக் கை பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பிறகு ஒவ்வொரு படியிலும் தடுக்கி விழுகிறார்கள். முறை எளிது. சீரின் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

நெடில் வந்தால் அசை அங்கேயே முடிந்தது. அதை ஒட்டிப் புள்ளி எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது நேரசை: வா, நீர், வாழ்க்.

குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது புள்ளி எழுத்தா? அதோடு முடித்துவிடுங்கள், இதுவும் நேரசை: வந், கட். புள்ளி இல்லாத எழுத்தா? அது குறிலானாலும் நெடிலானாலும் இரண்டையும் சேருங்கள். பின்னால் புள்ளி எழுத்து இருந்தால் அதுவும் உள்ளே. இது நிரையசை: மழை, குடை, இருக், கிறேன். சீரின் முடிவில் தனிக்குறில் மிஞ்சினால் அது நேர்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று.

'மரம்' என்பதை ம/ரம் என்று இரண்டாக வெட்டுவது முதல் பிழை. குறிலுக்குப் பின் புள்ளியில்லாத எழுத்து வந்தால் பிரிக்கக் கூடாது. மரம் ஒரே நிரை.

இரண்டாவது, சொல் இடைவெளியைப் பார்த்து அசை பிரிப்பது. அசைக்குச் சொல் எல்லை கிடையாது, சீர் எல்லைதான் உண்டு. 'வந்து விட்டேன்' இரண்டு சீரானால் வந்/து, விட்/டேன். அதையே 'வந்துவிட்டேன்' என்று ஒரு சீராக்கினால் வந்/துவிட்/டேன். எழுத்து மாறவில்லை, அசை மாறிவிட்டது.

மூன்றாவது, ஐகாரம். சொல்லின் முதலில் வரும் ஐ நெடில். நடுவிலும் முடிவிலும் அது குறுகிக் குறிலாகிவிடும். 'கவலையின்றி' என்பதில் லை குறில், ஆகவே கவ/லையின்/றி என மூன்றே அசை. லையை நெடிலாக எண்ணினால் நான்கு அசை வந்து குழப்பும்.

3. எட்டுச் சீரும் அவற்றை இணைக்கும் தளையும்

வெண்பாவுக்குள் வரக்கூடிய சீர்கள் எட்டு. வாய்பாட்டுப் பெயரே அந்தச் சீருக்கு எடுத்துக்காட்டாகவும் அமைந்திருப்பது நம் முன்னோர் செய்த வசதி: தே/மா, புளி/மா, கூ/விளம், கரு/விளம், தே/மாங்/காய், புளி/மாங்/காய், கூ/விளங்/காய், கரு/விளங்/காய். கடைசிச் சீருக்கு மட்டும் தனிக் கணக்கு, அது அடுத்த படியில்.

தளை என்பது ஒரு சீர் முடிந்து அடுத்த சீர் தொடங்கும் மூட்டு. மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். அவ்வளவுதான். 15 சீருக்கு 14 மூட்டு. அடி மாறும் இடத்திலும் இந்த மூட்டு உண்டு. பலர் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டு, அடிகளுக்கு நடுவே உடைந்து கிடப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

மூன்று அசையில் கடைசி அசை நிரையானால் அது கனிச்சீர், வெண்பாவுக்கு ஆகாது. 'தொலைபேசியில்' தொலை/பே/சியில் என்று கனியில் முடிகிறது. அதையே 'தொலைபேசிக்' என்று திருப்பினால் காய். 'காவல்துறை'யும் அப்படியே வெளியே நிற்க வேண்டியதுதான்.

4. ஈற்றடியை முதலில் எழுதுங்கள்

கடைசிச் சீர் நான்கு வகையில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒரே நேரசையானால் நாள் (கண், தேன்). ஒரே நிரையசையானால் மலர் (குடை, மழை). நேரசைக்குப் பின் குற்றியலுகரம் (சொல் முடிவில் குறுகி ஒலிக்கும் கு, சு, டு, து, பு, று) வந்தால் காசு (வீடு, காற்று). நிரையசைக்குப் பின் குற்றியலுகரம் வந்தால் பிறப்பு (விளக்கு, கிழக்கு).

இதிலிருந்து ஒன்று புரியும். போனான், வந்தேன், நனைந்தேன் போன்ற நம் அன்றாட வினைமுற்றுகள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்காது. உரைநடையில் வாக்கியத்தை வினையில் முடித்துப் பழகிய கை, வெண்பாவில் சிக்கிக்கொள்வது இங்கேதான். எனவே பெயர்ச்சொல்லில் முடியும்படி யோசியுங்கள். பாட்டின் குத்தலோ திருப்பமோ அந்தப் பெயரில் போய் விழுந்தால் இன்னும் நல்லது.

நம் பாட்டுக்குப் பொருள்: வெயிலை நம்பிக் குடையில்லாமல் போய் மழையில் மாட்டிக்கொண்டது. ஈற்றடி இப்படி:

வீட்டில் இருக்கும் குடை

வீட்/டில் தேமா, இருக்/கும் புளிமா, குடை மலர். மா முன் நிரை இரண்டு இடத்திலும் சரி. இனி இந்த அடியைத் தொட வேண்டாம்.

ஈற்றடியைத் தேர்ந்தவுடன் அதன் முதற்சொல்லுக்கு எதுகை கிடைக்குமா என்று பாருங்கள். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொக்க வேண்டும். 'வீட்டு' என்பதற்கு மாட்டி, காட்டி, கேட்டு, நீட்டி, பாட்டு, கூட்டம் என்று கொட்டிக் கிடக்கிறது. பத்துச் சொல் கிடைக்காத ஈற்றடியைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள்.

5. மூன்றாம் அடி

குடை ஆணியில் சும்மா தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். வாயில் வருவதை அப்படியே எழுதினால்:

மாட்டிய ஆணியில் மெதுவாய்த் தூங்கும்

காதுக்கு ஒன்றும் தவறாகத் தெரியாது. மூட்டுகளைப் பாருங்கள். மாட்/டிய கூவிளம், ஆ/ணியில் கூவிளம்: விளம் முன் நேர், சரி. ஆணியில் என்ற விளத்தின் முன் 'மெது' என்ற நிரை: உடைந்தது. மெது/வாய்த் புளிமா, அதன் முன் 'தூங்' நேர்: உடைந்தது. தூங்/கும் தேமா, அதன் முன் அடுத்த அடியின் 'வீட்' நேர்: உடைந்தது. ஒரே அடியில் மூன்று.

வலப்பக்கத்திலிருந்து சரிசெய்யுங்கள், ஏனென்றால் ஈற்றடி ஏற்கெனவே உறுதி. 'வீட்' நேர் என்பதால் அதற்கு முன் விளமோ காயோ வேண்டும். தூங்கும் என்பதைத் 'தூங்குதே' ஆக்கினால் தூங்/குதே, கூவிளம். இனி அதற்கு முன்னும் விளமோ காயோ வேண்டும், அது நேரில் தொடங்கவும் வேண்டும். மாட்டிய என்பதோடு மோனைக்கு (முதலெழுத்து ஓசையால் ஒன்றுவது) மகரமோ வகரமோ கிடைத்தால் நல்லது. 'வக்கணையாய்': வக்/கணை/யாய், கூவிளங்காய்.

மாட்டிய ஆணியில் வக்கணையாய்த் தூங்குதே
வீட்டில் இருக்கும் குடை

தூங்குதல் என்பதற்குத் தொங்குதல் என்ற பழம்பொருளும் உண்டு. தளைக்காக ஒரு சொல்லைத் திருகும்போது இப்படி ஓசியில் ஏதாவது கிடைப்பதும் வெண்பாவில் நடக்கும்.

இந்த இரண்டு அடியும் தனியாகவே ஒரு குறள் வெண்பா. புதிதாகத் தொடங்குபவர் முதல் பத்துப் பாட்டை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தனிச்சொல் தொல்லை இல்லை, ஏழே சீர்.

6. தனிச்சொல்

இரண்டாம் அடியின் நான்காம் சீர்தான் தனிச்சொல். அதற்கு மூன்று வேலை. பாட்டின் முன்பாதியைப் பின்பாதியோடு பொருளால் கோக்க வேண்டும். மூன்றாம் அடியின் முதற்சீரோடு தளை சேர வேண்டும். முதல் இரண்டு அடியோடு எதுகை சேர வேண்டும். மூன்றும் ஒரே சொல்லில் நடப்பதால்தான் முதல் இரண்டு அடிக்கு முன்பே இதைத் தேட வேண்டியிருக்கிறது.

'மாட்' நேர். ஆகவே தனிச்சொல் விளத்திலோ காயிலோ முடிய வேண்டும். பொருளோ 'ஏன் நனைந்தேன் தெரியுமா' என்ற இடம். 'அதனால்' அத/னால், புளிமா, ஆகாது. 'ஆனாலும்' தளைக்குச் சரி, பொருளுக்குத் தப்பு. 'ஏனென்றால்', 'ஏனெனில்' இரண்டும் பொருந்தும். குட்டையானது மேல் என்று 'ஏனெனில்' வைத்துக்கொள்வோம்: ஏ/னெனில், கூவிளம்.

தனிச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறுகோடு போடுவது வழக்கம். வாசிக்கும்போது அங்கே ஒரு நிறுத்தம் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பெயருக்குத் தனிச்சொல்.

7. இரண்டாம் அடி, பிறகு முதல் அடி

தனிச்சொல் 'ஏனெனில்' என்பதால் மேலே இரண்டு அடியும் நெடிலில் தொடங்கி, இரண்டாம் எழுத்து னகரமாக வர வேண்டும். சொற்களை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வானம், நானும், மேனி, கூனி, மீனும், யானை, தேனும். ன, னு, னி என்று உயிர் மாறினாலும் வருக்க எதுகையாக ஏற்பார்கள். அதே உயிர்மெய் கிடைத்தால் ஓசை இன்னும் இறுகும்.

முதல் முயற்சி:

நானும் நனைந்தேன் நடுத்தெருவில் - ஏனெனில்

தளை ஒன்றும் உடையவில்லை. மோனை மூன்று இடத்தில் விழுகிறது. ஆனால் 'நானும்' என்றால் வேறு யார் நனைந்தார்? பாட்டில் அப்படி யாருமில்லை. எதுகைக்காக இழுத்து உட்காரவைத்த உம்மை அது. விதி எல்லாம் சரியாக இருந்தும் பாட்டுச் செத்துப்போவது இப்படிப்பட்ட இட்டுநிரப்பிகளால்தான், தளை தட்டுவதைவிட மோசமான குற்றம் என்றே சொல்லலாம்.

'கூனி' என்று மாற்றினால் குளிரில் குறுகி நிற்கும் ஆள் கண்ணில் தெரிகிறார். மோனைக்காக மூன்றாம் சீரும் மாறும்:

கூனி நனைந்தேன் குளிர்மழையில் - ஏனெனில்

கூ/னி தேமா, நனைந்/தேன் புளிமா, குளிர்/மழை/யில் கருவிளங்காய், அடுத்து நேர். முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை. இதற்குப் பொழிப்பு மோனை என்று பெயர். அடிதோறும் இது ஒன்று இருந்தாலே வெண்பா காதில் நிற்கும்.

முதல் அடி இனி எளிது. கூனுவதற்கு எதிராக ஒரு மிடுக்கு வேண்டும், 'கூ' நேர் என்பதால் அடி விளத்திலோ காயிலோ முடிய வேண்டும்:

வானம் வெளுத்திருக்க வந்தேன் மிடுக்காக

8. 14 மூட்டையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்

வானம் வெளுத்திருக்க வந்தேன் மிடுக்காக
கூனி நனைந்தேன் குளிர்மழையில் - ஏனெனில்
மாட்டிய ஆணியில் வக்கணையாய்த் தூங்குதே
வீட்டில் இருக்கும் குடை

வா/னம் | வெளுத்/திருக்/க | வந்/தேன் | மிடுக்/கா/க
தேமா, கருவிளங்காய், தேமா, புளிமாங்காய்

கூ/னி | நனைந்/தேன் | குளிர்/மழை/யில் | ஏ/னெனில்
தேமா, புளிமா, கருவிளங்காய், கூவிளம்

மாட்/டிய | ஆ/ணியில் | வக்/கணை/யாய்த் | தூங்/குதே
கூவிளம், கூவிளம், கூவிளங்காய், கூவிளம்

வீட்/டில் | இருக்/கும் | குடை
தேமா, புளிமா, மலர்

முதல் இரண்டடிக்கு ஓர் எதுகை, பின்னிரண்டுக்கு வேறோர் எதுகை என்பதால் இது இரு விகற்ப நேரிசை வெண்பா. நான்கடிக்கும் ஒரே எதுகை என்றால் ஒரு விகற்பம். தனிச்சொல்லே அமையாமல் நான்கடி வந்தால் அது இன்னிசை வெண்பா.

அலகிட்டுச் சரிபார்க்க இணையத்தில் அவலோகிதம் என்ற மென்பொருள் இருக்கிறது. பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை பிரித்துக் காட்டும். கையால் செய்து முடித்த பிறகு அதில் போடுங்கள். முதலிலேயே போட்டால் காது வளராது.

9. உகரத்தில் முடிந்து உயிரில் தொடங்கும் இடம்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும், ஓரளவு பழகியவர்களும் வழுக்கும் இடம் இது. 'காற்று அடித்தது' என்று எழுதினால் காற்/று தேமா, அடித் நிரை, எல்லாம் சரி போலத் தோன்றும். ஆனால் புணர்ந்தால் 'காற்றடித்தது'. குற்றியலுகரம் ஓடிவிட்டது. முதற்சீரில் 'காற்' என்ற ஒற்றை அசைதான் மிச்சம். எழுத்தில் இடைவெளி விட்டு எழுதினாலும் ஓசை இதுதான்.

மற்ற புணர்ச்சிகள் பெரும்பாலும் தொந்தரவு தராது. 'வீட்டில் இருக்கும்' என்பதை 'வீட்டி லிருக்கும்' என்று சேர்த்தாலும் தேமா, புளிமாதான். 'மாட்டிய ஆணியில்' 'மாட்டிய வாணியில்' ஆனாலும் அசை அதேதான். ஆக, பாட்டு முடிந்ததும் கு, சு, டு, து, பு, று என்று முடியும் சொற்களை மட்டும் வட்டமிட்டு, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

10. உடைந்த தளையை ஒட்ட

ஒரு சீரை மாற்றினால் அதன் இரண்டு பக்க மூட்டும் மாறும். எனவே சொல்லைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் வாலைத் திருப்பிப் பாருங்கள். நனைந்தேன் புளிமா. நனைகிறேன் கருவிளம். நனைந்தேனே புளிமாங்காய். நனைந்துவிட்டேன் கருவிளங்காய். ஒரே வினையில் நான்கு சீர் கையில் இருக்கிறது.

சில தொடர்கள் மட்டும் எந்த வாலுக்கும் மசியாது. 'பேருந்து நிலையம்' அப்படி ஒன்று: பே/ருந்/து காய், அதன் முன் நிலை என்ற நிரை. 'பேருந் துநிலையம்' என்று வகையுளியாக வெட்டித் தளையைக் காப்பாற்றலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் வாசிப்பவர் 'துநிலையம்' என்ன என்று விழிப்பார். 'பேருந்து நிற்குமிடம்' என்று மாற்றிக்கொள்வதே மேல்.

ஒரே அடியில் பத்து நிமிடத்துக்கு மேல் முட்டிக்கொண்டிருந்தால் சொல்லில் கோளாறில்லை, எதுகையில்தான். தனிச்சொல்லையே மாற்றி, மேல் இரண்டடியையும் புதிய எதுகையில் தொடங்குங்கள். ஈற்றடி அப்படியே இருக்கட்டும்.

11. பழக மூன்று ஈற்றடி

காய்ந்து கிடக்கும் குளம் (தேமா, புளிமா, மலர்). பாய்ந்து, சாய்ந்து, தேய்ந்து, ஆய்ந்து என்று எதுகை தாராளம்.

கட்டிலில் தூங்கும் கணக்கு (கூவிளம், தேமா, பிறப்பு). பள்ளிக்கூட வீட்டுப்பாடம். இரண்டாம் எழுத்து ட் என்பதால் விட்டு, தொட்டு, எட்டு என எதுகைக்குப் பஞ்சமில்லை.

தேநீர்க் கடையில் தினம் (தேமா, புளிமா, மலர்). ஓசை மூன்றிலும் அழகு இதற்குத்தான், மோனையும் தானாக விழுகிறது. ஆனால் நெடிலுக்குப் பின் நகரம் வரும் சொல் தமிழில் அரிது. மாநகர், மாநிலம், ஆநிரை என்று சிலவற்றோடு நின்றுவிடும். முதல் இரண்டையும் முடித்த பிறகு இதை எடுங்கள்.